கோடை வெயிலும் ஆட்டின் மூச்சும்

சித்திரை மாதத்து நண்பகலில், மரமில்லாத பொட்டலில் நிற்கும் செம்மறியாட்டு மந்தையை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆடுகள் மேய்வதை விட்டுவிட்டு நெருங்கி நின்று, ஒவ்வொன்றும் தன் தலையை அடுத்த ஆட்டின் வயிற்றடியில் நுழைத்துக்கொண்டு மூச்சிரைத்துக் கொண்டிருக்கும். செம்மறிக்கு அறிவு மட்டு என்று கேலி பேசுவோர் உண்டு. ஆனால் இச்செயலில் பொருள் இருக்கிறது. அதைச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

செம்மறி, வெள்ளாடு இரண்டின் உடல் வெப்பநிலையும் ஏறத்தாழ 39° செ. 25 கிலோ எடையுள்ள ஆடு, மேய்ந்து திரியும் நாளில் சுமார் 1,200 கிலோகலோரி வெப்பத்தை உண்டாக்குகிறது என்று தோராயமாகக் கொள்ளலாம். அதாவது மணிக்கு 50 கிலோகலோரி. இது வெளியேற வழியில்லாமற் போனால் என்ன ஆகும்? அவ்வுடலை 1° சூடாக்க 20 கிலோகலோரிக்குச் சற்று மேல் போதும். எனவே ஒரே மணி நேரத்தில் உடல் வெப்பநிலை 2°க்கு மேல் ஏறிவிடும். 42° என்பது உயிருக்கே ஆபத்தான நிலை. இக்கணக்கில் வெயிலின் வெப்பத்தை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை!

வெப்பம் வெளியேறும் வழிகள் நான்கு: கடத்தல், சலனம், கதிர்வீச்சு, ஆவியாதல். முதல் மூன்றும் சுற்றுப்புறம் உடலைவிடக் குளிர்ந்திருந்தால்தான் பயன்படும். கத்திரி வெயிலில் காற்று 40°ஐத் தொடுகிறது. தரை அதைவிடச் சூடாக இருக்கிறது. அப்போது இவ்வழிகளில் வெப்பம் உள்ளே வருமே ஒழிய வெளியே போகாது. எஞ்சுவது ஆவியாதல் ஒன்றே. உடல் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். ஒரு நாளைய வெப்பம் முழுவதையும் இவ்வழியிலேயே போக்குவதானால் 2 லிட்டர் நீர் செலவாகும். வெயிலின் வெப்பம், சிறுநீர், சாணம் ஆகியவற்றுக்கானது தனி. ஆகவே கோடையில் ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதில் வியப்பில்லை.

நாம் வியர்த்துக் குளிர்கிறோம். ஆட்டுக்கு வியர்வை குறைவு; அது பெரிதும் மூச்சையே நம்பியிருக்கிறது. நிமிடத்துக்கு இருபது முப்பது முறை மூச்சு விடும் ஆடு, கடும் வெயிலில் 200 முறைக்கு மேலும் விடும். மூக்கின் ஈரமான உட்சவ்வில் நீர் ஆவியாக, அங்குள்ள இரத்தம் குளிர்கிறது. குளிர்ந்த இரத்தம் மூளையின் அடிப்பகுதி வழியாகத் திரும்புகிறது. மூளைக்குச் செல்லும் தமனி அங்கே நுண்ணிய குழாய்களாகப் பிரிந்து, அந்தக் குளிர்ந்த இரத்தத்தின் நடுவே செல்கிறது. மோட்டார் வண்டியின் ரேடியேட்டர் போன்ற ஏற்பாடு இது! உடல் சுட்டாலும் மூளை சற்றுக் குளிர்ந்திருக்கும். தலையை நிழலில் நுழைக்கும் ஆடு அந்த மூளையைத்தான் காக்கிறது. ஆனால் நெருக்கத்தில் உடலுக்குக் காற்றுப் படாது. ஆகவே மந்தையை மரத்தடிக்கு ஓட்டிச் செல்வதே நல்லது.

மேய்ச்சல் நேரமும் இக்கணக்கில் சேரும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பை ஒரு நொதித்தற் தொட்டி. தின்ற இரை நுண்ணுயிரிகளால் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. முற்பகல் முழுதும் வயிறு நிரம்ப மேய்ந்த ஆட்டுக்கு, உள்ளே இருக்கும் அடுப்பும் வெளியே காயும் வெயிலும் ஒரே நேரத்தில் உச்சத்தை அடைகின்றன. விடியலில் ஓட்டிச் சென்று பத்து மணிக்குள் நிழலில் மடக்கி, நான்கு மணிக்கு மேல் இருட்டும்வரை மேய்த்தால், நொதித்தலின் வெப்பத்தில் பெரும்பகுதி இரவில் வெளியேறும். தெளிந்த இரவு வானம் வெப்பக் கதிர்களை நன்றாக ஏற்றுக்கொள்ளும். வயலில் திறந்தவெளியில் கிடை போடும் கீதாரிகளின் ஆடுகளுக்கு இந்த நன்மை தானாகவே கிடைக்கிறது.

பணம் செலவழித்துத் தகரக் கொட்டகை போடுவோரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். நண்பகலில் கை வைக்க முடியாதபடி சுடும் தகடு, கீழே நிற்கும் ஆட்டின் மீது வெப்பக் கதிர்களை வீசுகிறது. வேப்பிலையோ நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. மரம் இல்லாவிட்டால் பனையோலைக் கூரையை உயர்த்தி, பக்கங்களைத் திறந்து வைப்பது மேல். தகரம் போட்டாயிற்று என்றால் அதன்மேல் ஓலையைப் பரப்பலாம்.

ஓர் அடையாளத்தை மறவாதீர்கள். வாயை மூடிக்கொண்டு வேகமாக மூச்சு விடும் ஆடு சமாளித்துக் கொண்டிருக்கிறது. வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, எச்சில் ஒழுக இரைக்கும் ஆடு தோற்றுக்கொண்டிருக்கிறது. அதை உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, வயிற்றடியிலும் கால்களிலும் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். குடிக்கச் சிறிது சிறிதாகத் தண்ணீர் காட்டலாம். வாயில் வலிந்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நிற்க முடியாமல் தள்ளாடினால் கால்நடை மருத்துவரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

கோடையில் புல் அருகிவிடுவதால் பசித்த ஆடு எதையும் கடிக்கும். மழையின்றிக் குன்றி நிற்கும் சோளப் பயிரிலும், அறுத்த கட்டையில் துளிர்க்கும் இளஞ்சோளத்திலும் ஹைட்ரஜன் சயனைடை உண்டாக்கும் பொருள் மிகுந்திருக்கும். அதைத் தின்ற ஆடு சில நிமிடங்களிலேயே விழுந்து சாகக்கூடும். மாலை மேய்ச்சலுக்கு ஓட்டும்போது அத்தகைய கொல்லையைச் சுற்றிக்கொண்டு போங்கள்.