காருக்கு எண்ணெய் பார்ப்பது எப்படி?

திருத்தணி மலைக்கு 365 படிகள் உண்டு. படியேற இயலாதவர்களுக்குக் கார்ப் பாதையும் உண்டு. அந்தப் பாதையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடிக் கிருத்திகையன்று அந்தக் காரின் என்ஜின் பிடித்துக்கொண்டது. பிழை எங்கே என்று தேடிப் போனதில் நான் கற்றதையே இங்கு எழுதுகிறேன். கார் வைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும், நாளை வாங்கப் போகும் நண்பர்களுக்கும் இது பயன்படலாம்.

நடந்தது இதுதான். மலைமேல் அன்று சரிவில்தான் நிறுத்த இடம் கிடைத்தது. அப்பா பானெட்டைத் திறந்து, எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். இரண்டு குறிகளுக்கும் நடுவில் எண்ணெய் நின்றது. மன நிறைவுடன் மூடிவிட்டுத் திருப்பதி செல்லும் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நகரியைத் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. "எண்ணெய் கொஞ்சம் குறைந்திருக்கும், புத்தூரில் ஊற்றிக்கொள்வோம்" என்று ஓட்டினார். புத்தூர் வருமுன்பே உள்ளே சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை. பிறகு வண்டி நின்றுவிட்டது. கிராங்க் தண்டைக் கடைசல் பிடிக்கவும் பேரிங், பிஸ்டன் மாற்றவும் ஆன செலவில் பல மாத வருமானம் கரைந்தது. அவ்வாண்டு என் தேர்வுக் கட்டணம் கடன் வாங்கிக் கட்டியது.

என்ஜினைப் பிரித்த மேஸ்திரி என்னை அழைத்து, "ரசம் இருக்கிற தட்டைச் சாய்ச்சா என்ன ஆகும் நாயனா?" என்று கேட்டார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் சம்ப் ஒரு தட்டுதான். வண்டி சரிந்து நின்றால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும். எங்கள் காரில் அது கம்பி இருக்கும் பக்கமாக ஒதுங்கி, இல்லாத எண்ணெயை இருப்பதாகக் காட்டிவிட்டது.

ஆகவே, முதலில் சமதரை வேண்டும். என்ஜினை நிறுத்திய பின் ஐந்து பத்து நிமிடமாவது பொறுத்தால், மேலே தெறித்த எண்ணெய் வடிந்து சம்புக்கு வரும். கம்பியை உருவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, முழுவதும் உள்ளே செருகி மீண்டும் உருவ வேண்டும். இரண்டாம் முறை தெரிவதே கணக்கு. சிறிய கார்கள் பலவற்றில் கீழ்க்குறிக்கும் மேற்குறிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர். குறைந்தால் சிறிது சிறிதாக ஊற்றிப் பார்க்கவும். மேற்குறியைத் தாண்டினாலும் கேடுதான்: சுழலும் கிராங்க் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் பேரிங்கைத் தாங்க முடியாது.

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றித்தான் நம்மவர்களுக்குப் பெரிய தவறெண்ணம். அது எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தத்தைக் காட்டுவது. அது ஓடும்போது எரிந்தால் பேரிங்குகளுக்கு எண்ணெய் போவது அநேகமாக நின்றுவிட்டது என்று பொருள். ஓரமாக நிறுத்தி என்ஜினை உடனே அணைக்க வேண்டும். "அடுத்த ஊர் வரை" என்ற பேச்சே கூடாது.

எண்ணெய் கறுத்தால் கெட்டது என்பதும் முழு உண்மையன்று. டீசல் காரில் புது எண்ணெயும் சில நாட்களிலேயே கறுக்கும். கரியைத் தன்னுள் தாங்குவது அதன் வேலை. மாறாக, மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். ஊற்றாமலே அளவு கூடினால் எரிபொருளோ தண்ணீரோ சேர்கிறது.

இனி, எதை வாங்குவது? டப்பாவில் 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று இருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிப்பது. முதல் எண் சிறியதாயின் குளிரிலும் எண்ணெய் எளிதில் ஓடும். பின்னெண் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலையைச் சொல்வது. வெயில் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் கெட்டி எண்ணெய்தான் நல்லது என்று பலர் வாதிடுவர். நானும் அப்படியே நம்பினேன். ஆனால் சூடேறிய என்ஜினைத் திருத்தணியிலும் உதகையிலும் 90 டிகிரியை ஒட்டியே அதன் குளிர்விப்பு முறை வைத்திருக்கிறது. புதிய என்ஜின்களின் நுண்ணிய இடைவெளிகளுக்கு மெல்லிய எண்ணெய் வேண்டும். பழைய என்ஜின்கள் பல 20டபிள்யூ-40க்கென்றே அமைந்தவை. கையேடு சொல்வதை ஊற்றுவதே முறை, கடைக்காரர் சொல்வதையன்று.

அடுத்து எழுத்துகள். ஏ.பி.ஐ. முத்திரையில் எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கு, சி என்று தொடங்குவது டீசலுக்கு. இரண்டாம் எழுத்து பின்னால் போகப் போகத் தரம் புதியது: எஸ்என் 2010இலும் எஸ்பி 2020இலும் வந்தவை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் விற்கப்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சாம்பல் குறைந்த எண்ணெயை ஊற்றாவிடில் அது அடைத்துக்கொள்ளும். ஒரு சொல் இடையில்: மிச்சமான கார் எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றாதீர்கள். பெரும்பாலானவற்றில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் நனைகிறது, வழுக்கும். அவற்றுக்கு ஜாசோ எம்.ஏ. முத்திரையுள்ளதே உரியது.

பெயர் பெற்ற நிறுவனங்களுள் எதுவானாலும் சரியே. 1972இல் இந்தியன் ஆயில் தொடங்கிய சர்வோ முதல் அயல்நாட்டுப் பெயர்கள் வரை தரம் ஒன்றானால் பெரிய வேற்றுமை இல்லை. போலிதான் அச்சம். காலி டப்பாக்களில் பழைய எண்ணெயை வடிகட்டி நிரப்பி விற்போர் உண்டு. சீல் உடையாததா என்று பார்த்து வாங்கி, எண்ணெய் தீர்ந்ததும் டப்பாவில் ஆணியடித்து ஓட்டை போட்டுவிடுங்கள்.

மாற்றும் கெடுவையும் கையேடே சொல்லும். கூட்டத்தில் மணிக்கணக்கில் என்ஜின் ஓடியபடி நிற்பதும், பாரத்துடன் மலையேறுவதும் கடும் பயன்பாடு. அதற்குக் கெடு குறைவு. எங்கள் கார் அந்த வகை. இப்போது அப்பா மலைமேல் பானெட்டைத் திறப்பதே இல்லை. விடியற்காலை, சவாரிக்கு முன், ரயில் நிலையத்தருகே சமதரையில் நிறுத்திப் பார்க்கிறார். கம்பியைத் துடைப்பது என் வேலை.