ரூட் கெனாலுக்குப் பின் வலி: பூசிய மருந்துதான் காரணமா?

"நரம்பையே எடுத்துட்டதா சொன்னாங்க. அப்புறமும் ஏன் வலிக்குது?" வேர் சிகிச்சை செய்துகொண்ட மறுநாள் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எடுக்கப்பட்டது பல்லுக்குள் இருந்த நரம்பு. வேரின் நுனியைச் சுற்றியுள்ள சவ்வும் எலும்பும் உயிரோடும் உணர்வோடும்தான் இருக்கின்றன. வலி அங்கிருந்து வருகிறது.

வேருக்குள் நிரப்புவது என்ன?

சுத்தம் செய்த வேர்க்குழாயை கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் நிரப்புவார்கள். அது குழாயின் சுவரில் தானாக ஒட்டாது. செங்கற்களுக்கு நடுவே சாந்து பூசுவதுபோல், இடைவெளிகளை அடைக்க ஒரு பசை வேண்டும். அதுதான் சீலர்.

கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனாலும் துத்தநாக ஆக்சைடும் கலந்த சீலர் மிகப் பழையது. எபாக்சி ரெசின் வகை வந்தும் பல பத்தாண்டுகள் ஆகின்றன. புதிய சீலர்களை இன்றும் ஏ.எச். பிளஸ் என்ற ரெசின் சீலரோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இப்போது அதிகம் பேசப்படுவது கால்சியம் சிலிகேட்டால் ஆன பயோசெராமிக். பல்லில் உள்ள ஈரத்தை உறிஞ்சியே அது இறுகும். இறுகும்வரை கடுமையான காரத்தன்மை கொண்டிருப்பதால் கிருமிகளையும் எதிர்க்கும்.

எந்த சீலரும் இறுகுவதற்கு முன் திசுவைக் கொஞ்சம் உறுத்தக்கூடியதே. இறுகிய பின் அந்த உறுத்தல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

விலை உயர்ந்த பயோசெராமிக் போட்டால் வலி குறையுமா?

ரெசினையும் பயோசெராமிக்கையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல உண்டு. சிலவற்றில் முதல் ஓரிரு நாள் பயோசெராமிக் போட்டவர்களுக்கு வலி சற்றுக் குறைவாக இருந்தது. வேறு பலவற்றில் வித்தியாசமே இல்லை. ஒரு வாரம் கழிந்தால் இரண்டும் ஒன்றுதான். ஆகவே வலி குறையும் என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் பணம் கட்டத் தேவையில்லை என்பதே என் கருத்து. வேறு காரணங்களுக்காக மருத்துவர் அதைத் தேர்ந்தெடுக்கலாம். அது வேறு விஷயம்.

வலியைக் கூட்டுபவை வேறு. சிகிச்சைக்கு முன்பே கடுமையாக வலித்த பல், பின்னரும் கூடுதலாக வலிக்கும் வாய்ப்பு உண்டு. சுத்தம் செய்யும்போது கிருமியும் கழிவும் வேர் நுனியைத் தாண்டித் தள்ளப்பட்டாலும், சீலரே வெளியே கசிந்தாலும் வலி கூடும். கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேருக்கு அருகில் தாடை நரம்பு ஓடுவதால் அங்கே கசிவது ஆபத்து. பாராஃபார்மால்டிஹைடு கலந்த பசைகள் அந்த நரம்பை நிரந்தரமாகக் கெடுத்திருக்கின்றன. அவற்றைத் தவிர்க்கவே வேண்டும்.

எது சாதாரணம், எது ஆபத்து?

முதல் 24–48 மணி நேரம் வலி உச்சத்தில் இருக்கும். பிறகு படிப்படியாகக் குறைந்து, பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். மருத்துவர் சொன்ன அளவில் ஐபுப்ரோஃபென் அல்லது பாராசிட்டமால் போதும். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுப்ரோஃபெனைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது. வீக்கமும் காய்ச்சலும் இல்லாத வலிக்கு ஆன்டிபயாடிக் பயன் தராது. மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால், அதன் உயரத்தைக் குறைத்தாலே வலி போய்விடலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள். வீக்கமோ காய்ச்சலோ வந்தாலும், மூன்று நாள் கழித்து வலி ஏறினாலும் உடனே போய்க் காட்டுங்கள். ஊசியின் மரமரப்பு சில மணி நேரத்தில் போய்விட வேண்டும். மறுநாளும் கீழுதடோ தாடையோ மரத்தே இருந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.