சோவியத் இரட்டைப்பொறி குண்டுவீச்சு வானூர்திகளை வேறுபடுத்தி அறிதல்

இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியம் பயன்படுத்திய இரட்டைப்பொறி குண்டுவீச்சு வானூர்திகளுள் எஸ்பி, டிபி-3, இல்-4, பெ-2, டு-2 ஆகியன முதன்மையானவை. இவை யாவும் உலோக உடலும் கண்ணாடி மூக்கும் தாழ்வாகவோ நடுவிலோ பொருத்தப்பட்ட இறக்கைகளும் கொண்டவை. ஆகையால் ஒளிப்படங்களிலும் தொலைவிலும் ஒன்றுபோலவே தோன்றும். வால், பொறி, மூக்கு ஆகிய மூன்றையும் இதே வரிசையில் நோக்கினால் பெரும்பாலும் சரியாக அடையாளம் காணலாம்.

வேறுபடுத்துதலின் தேவை

போர்க்காலத்தில் அடையாளப் பிழை உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. 1941 சூன் 22 அன்று, போரின் முதல் நாளிலேயே, பின்னாளில் மும்முறை சோவியத் வீரர் விருது பெற்ற அலெக்சாந்தர் பொக்ரீஷ்கின் தம் நாட்டு சு-2 வானூர்தி ஒன்றைப் பகைவருடையது எனக் கருதிச் சுட்டு வீழ்த்தினார். சு-2 ஒற்றைப்பொறி கொண்டது. அது மறைவாக வைக்கப்பட்டிருந்தமையால் சண்டை வானோடிகள் பலர் அதன் தோற்றத்தை அறிந்திருக்கவில்லை.

ஸ்பானிய உள்நாட்டுப் போரில் எஸ்பி வானூர்திகள் 1936 இறுதியில் தோன்றியபோது, பிராங்கோ தரப்பினர் அவற்றை அமெரிக்க மார்ட்டின் நிறுவனத்தின் வடிவமைப்பு எனக் கருதி "மார்ட்டின்" என்றே அழைத்தனர்.

முதற்படி: வால்

பின்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் செங்குத்து வால்களை முதலில் எண்ணுதல் வேண்டும்.

* ஒற்றை வால்: எஸ்பி, ஆர்-2, டிபி-3, இல்-4
* இரட்டை வால்: பெ-2, டு-2, யெர்-2

எந்தக் கோணத்திலிருந்தும் எளிதில் தெரியக்கூடியது என்பதால் இவ்வேறுபாடே மிகவும் நம்பத்தக்கது.

இரண்டாம் படி: பொறி

நீரால் குளிர்விக்கப்படும் பொறியில் உருளைகள் 'வி' வடிவ வரிசையில் அமைவதால் பொறிக்கூடு ஒடுங்கி நீண்டிருக்கும். காற்றால் குளிர்விக்கப்படும் பொறியில் உருளைகள் வட்டமாக அமைவதால் கூட்டின் முகப்பு அகன்று உருண்டையாக இருக்கும். எஸ்பி, பெ-2 ஆகியன முதல் வகையையும் டிபி-3, இல்-4, டு-2 ஆகியன இரண்டாம் வகையையும் கொண்டவை.

இங்கு இரு விதிவிலக்குகள் உள்ளன. தொடக்ககால எஸ்பியில் குளிர்விப்பி பொறியின் முன்பக்கத்தில் பொருத்தப்பட்டது. எனவே அதன் முகப்பு தட்டையாகி, காற்றால் குளிர்விக்கப்படும் பொறி போன்ற மயக்கத்தைத் தரும். பிந்தைய எஸ்பிகளில் குளிர்விப்பி பொறியின் அடிப்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. அவ்வாறே, 1943-இல் சிறு எண்ணிக்கையிலான பெ-2 வானூர்திகளில் காற்றால் குளிர்விக்கப்படும் பொறிகள் பொருத்தப்பட்டன.

மூன்றாம் படி: மூக்கும் உடலும்

எஸ்பியும் இல்-4உம்: இரண்டும் ஒற்றை வால் கொண்டவை. 1934-இல் முதன்முதலாகப் பறந்த எஸ்பியின் மூக்கில் துப்பாக்கிகள் அசைவதற்கான இரு செங்குத்துப் பிளவுகள் காணப்படும். இல்-4 பருத்த உடல் உடையது.

டிபி-3உம் இல்-4உம்: இவை செர்கேய் இலியூசினின் ஒரே வடிவமைப்பின் முந்தைய, பிந்தைய வடிவங்கள். டிபி-3-இன் மூக்கு குட்டையாகவும் மழுங்கியும் இருக்கும். இல்-4-இன் மூக்கு நீண்டு, சீராகக் குவிந்து, பெரும்பாலும் கண்ணாடியால் ஆனதாக இருக்கும். இல்-4 தொடக்கத்தில் டிபி-3எஃப் எனப்பட்டது; 1942-இல்தான் இன்றைய பெயரைப் பெற்றது. எனவே 1941 ஆகஸ்டில் பெர்லின் மீது நடந்த தாக்குதல் பற்றிய நூல்களில் டிபி-3 என்று மட்டும் குறிக்கப்பட்டால், அது இரண்டில் எதையும் சுட்டக்கூடும்.

எஸ்பியும் ஆர்-2உம்: ஆர்-2 என்பது எஸ்பியிலிருந்து உருவாக்கப்பட்ட பாய்ச்சல் குண்டுவீச்சு வானூர்தி. இதன் குளிர்விப்பிகள் இறக்கைக்குள் அமைந்தமையால் பொறிக்கூடுகள் பெ-2-ஐ ஒத்திருக்கும். ஒற்றை வாலே இதனைப் பெ-2-இலிருந்து பிரித்துக் காட்டும்.

பெ-2உம் டு-2உம்: விளாதிமிர் பெட்லியாகொவும் அந்திரேய் துப்போலெவும் கைதிகளாக இருந்த காலத்தில் இவற்றை வடிவமைத்தனர். பெ-2 சுமார் 17 மீட்டர் இறக்கை அகலம் கொண்ட மெலிந்த வானூர்தி. டு-2-இன் இறக்கை அகலம் ஏறத்தாழ 18.9 மீட்டர். டு-2-இல் நால்வர் பயணிப்பர். இறக்கைக்குப் பின்னால் அதன் முதுகில் இன்னொரு கண்ணாடிக் கூண்டு தெரியும். பெ-2-இல் மூவர் மட்டுமே பயணிப்பர். முதுகில் பெரிய கண்ணாடிக் கூண்டு முன்பக்கத்தில் ஒன்றே உண்டு.

யெர்-2: இரட்டை வால் இருப்பினும் இதன் இறக்கை அடியில் கீழ்நோக்கிச் சாய்ந்து, பொறிகளுக்கு அப்பால் மேல்நோக்கி வளைந்திருக்கும். முன்னிருந்து பார்த்தால் இதனை வேறெதனோடும் குழப்ப இயலாது.

ஜெர்மன் பிஎஃப் 110உடன் ஒப்பீடு

பெ-2-ஐ மிகவும் ஒத்திருந்தது ஜெர்மனியின் மெசர்ஸ்மிட் பிஎஃப் 110 ஆகும். இரட்டை வால், ஒடுங்கிய இரு பொறிகள், மெலிந்த உடல் ஆகியன இரண்டுக்கும் பொது. பெ-2-இன் கிடைமட்ட வால் இரு பக்கமும் தெளிவாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். பிஎஃப் 110-இல் அது நேராக இருக்கும். பெ-2-இன் மூக்கின் அடிப்பகுதியில் கண்ணாடி உண்டு. பிஎஃப் 110-இன் மூக்கு உலோகத்தால் மூடப்பட்டது. கண நேரமே கிடைக்கும் வான்சண்டையில் இவற்றைக் காண்பது எளிதன்று. ஒளிப்படத்தை ஆராய்பவர் இறக்கையிலுள்ள சின்னத்தை மட்டும் நம்பாமல், இவ்வமைப்பு வேறுபாடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. கைப்பற்றப்பட்ட பெ-2 வானூர்திகளைப் பின்லாந்து தன் சின்னத்துடன் பயன்படுத்தியமை இதற்குச் சான்றாகும்.