கரண்டுக்குப் பயப்படலாம், கற்றுக்கொள்ளப் பயப்படலாமா?

தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சாயங்காலம் எஞ்சின் ஓடினால்தான் லயத்தில் வெளிச்சம். இரவு எஞ்சின் நின்றால் மறுபடியும் மண்ணெண்ணெய் விளக்குதான். அந்தப் புகையில் உட்கார்ந்து படித்துத்தான் நம் பிள்ளைகள் சிலர் வாத்தியாராகவும் கிராணியாகவும் ஆனார்கள். பிறகு, வீடு கொடுக்கும் முதலாளி போதிய மின்சார வசதியும் செய்து தரவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொன்னது. இன்று சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். ஆனால், வெளிச்சம் வந்த வேகத்தில் அதைப் பற்றிய அறிவும் வந்ததா?

பில் வந்ததும் "இவ்வளவு கரண்டை யாரு தின்னா?" என்று வீட்டில் சண்டை. கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். அதே அளவு வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. குண்டு பல்பு தின்னும் கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி அரை மணி நேரம் சூடாகும் கரண்டில், 10 வாட் விளக்கு 50 மணி நேரம் எரியும். விளக்கை அணைப்பதோடு இதையும் கவனிக்க வேண்டாமா?

உயிருக்கு வைக்கும் உலை

பில்லாவது பணத்தோடு போகும். சில பழைய வீடுகளில் பியூஸ் போனால், தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி மாட்டிவிடுகிறார்கள். "இனிமே போகவே போகாது" என்று பெருமை வேறு! பியூஸ் கம்பி அறுந்து போவதே நம்மைக் காப்பாற்றத்தான். அது அறுகாவிட்டால் சுவருக்குள் ஓடும் வயர் சூடேறும். பலகை வீட்டில் தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? ஒரே பிளக்கில் கேத்தல், இஸ்திரி, அடுப்பு என்று அடுக்குவதும் அதே வேலைதான். 13 ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் 3,000 வாட்.

மெயின் பெட்டியில் இருக்கும் ஈ.எல்.சி.பி.யில் 'டி' என்று ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். உடனே கரண்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி வேண்டாம்.

பையனை அடிக்காதீர்கள்

பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையன் எல்லா லயத்திலும் ஒருவன் இருப்பான். "டேய், கரண்டுல கை வைக்காதடா!" என்று முதுகில் இரண்டு விழும். சுவர் பிளக்கில் கை வைத்தால் அதட்ட வேண்டியதுதான். 230 வோல்ட் உயிரை வாங்கிவிடும். அதற்காக அவனுடைய ஆசையையே அணைத்துவிடலாமா?

1.5 வோல்ட் டார்ச்லைட் பேட்டரி ஒன்று, அதற்கேற்ற சின்ன பல்பு ஒன்று, மேலுறை உள்ள மெல்லிய செம்புக் கம்பி கொஞ்சம், ஓர் இரும்பு ஆணி வாங்கிக் கொடுங்கள். ஆணியில் கம்பியை 50 சுற்றுச் சுற்றி, முனைகளைச் சுரண்டிப் பேட்டரியில் தொட்டால், ஆணி குண்டூசியை இழுக்கும். கம்பி சூடாகும், ஆகவே சில விநாடிகளில் எடுத்துவிட வேண்டும். பழைய சைக்கிள் டைனமோ கிடைத்தால் இன்னும் நல்லது. சக்கரம் சுற்றினால் வெளிச்சம், நின்றால் இருட்டு. பேராக் ஆற்றின் செண்டரோ அணையில் தண்ணீர் சுழற்றுவதும், அன்று தோட்டத்து எஞ்சின் சுழற்றியதும் இதே தத்துவத்தைத்தான்.

இந்தத் தத்துவத்தை 1831-இல் கண்டறிந்த மைக்கேல் பாரடே யார்? ஏழைக் கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானம் கற்றார்.

நம் லயத்திலும் அப்படி ஒருவன் இருக்கலாம். சுவர் பிளக்குக்குத் தடை போடுவோம், பேட்டரிக்கு வழி விடுவோம். செலவு சில வெள்ளிதான், பெற்றோர்களே!