அரிப்புக்குக் காரணம் மருந்தா, மாவா?

தோட்டப் பாட்டாளிகளுக்கு அரிப்பு ஒன்றும் புது விருந்தாளியல்ல. கித்தாக் காட்டில் கொசுக்கடி, செம்பனைக் காட்டில் முள்ளும் தூசியும், மருந்தடிக்கும் பெண்களுக்கு முதுகில் ஒழுகும் பம்பு, உரம் போடுகிறவர்களுக்குக் கை வெடிப்பு என்று தலைமுறை தலைமுறையாகச் சொறிந்துகொண்டே பிழைத்து வந்தவர்கள் நாம். அதனால்தான் பக்கத்தில் ஒருவர் சொறிந்துகொண்டு நின்றால் நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், "என்னாப்பா, குளிக்கலியா?" என்று கேட்பதோடு சரி.

நான் படித்த தோட்டப் பள்ளியில் சிரங்கு, படை, பூச்சிக்கடி எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை மருந்துதான். டிரெசர் பஞ்சில் நனைத்து வரிசையாகப் பூசிவிடுவார். எரிச்சல் தாங்காமல் பிள்ளைகள் குதிப்போம். அரிப்பு என்றால் மேலே பூசுவதுதான் வைத்தியம் என்ற எண்ணம் அப்போதே நம் மண்டையில் ஏறிவிட்டது. ஆனால், தோலில் தெரிந்தாலும் தோலில் பிறக்காத அரிப்பு ஒன்று உண்டு. அது பிறக்குமிடம் குடல். அதற்குத் தீனி போடுவது கோதுமை.

டாக்டர்கள் அதை 'டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிபார்மிஸ்' என்கிறார்கள். வாயில் நுழையாத பேர்தான். 1884இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துத் தோல் மருத்துவர் லூயிஸ் டூரிங் அதை விவரித்து எழுதினார். அக்கிக் கொப்புளம் போலக் கொத்துக்கொத்தாக எழும்புவதால் அந்தப் பேர். மற்றபடி அக்கிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் தொற்றாது. நாம் இங்கே இதைக் 'கோதுமை அரிப்பு' என்றே சொல்லிக்கொள்வோம்.

இது வருகிற இடங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். முழங்கையின் வெளிப்பக்கம், முழங்கால், பிட்டம், இடுப்புக்கு மேலே முதுகு, பிடரி, தலைமயிருக்குள். வலது முழங்கையில் வந்தால் இடது முழங்கையிலும் வரும். ஜோடி போட்டுக்கொண்டு வருவதுதான் இதன் குணம். சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்களாகக் கிளம்பும். ஆனால் டாக்டரிடம் போய்ச் சேரும்போது கொப்புளம் மிஞ்சியிருக்காது. சொறிந்து சொறிந்து எல்லாம் உடைந்து, புண்ணும் பக்குமாகத்தான் நிற்கும். எரிச்சலும் குத்தலும் கலந்த அரிப்பு. இரவில் தூங்க விடாது. சில வாரம் அடங்கியது போலிருக்கும், மறுபடியும் அதே இடத்தில் கிளம்பும். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதில்தான் தலைகாட்டும்.

சிரங்கு என்றால் அடையாளம் வேறு. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொடங்கும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் பாயில் படுக்கும் எல்லாருக்கும் வரும். கோதுமை அரிப்பு அப்படி வீடு முழுக்கப் பரவாது.

இது நம்மவர்களிடம் அரிது. ஐரோப்பியர்களிடம் காண்பதைவிட ஆசியர்களிடம் மிகவும் குறைவு. "அரிதான நோயைப் பற்றி எங்களுக்கு ஏன்யா பாடம் நடத்துறே?" என்று சிலர் கேட்கலாம். அரிது என்பதாலேயே யாரும் தேடுவதில்லை. தேடாததால் ஆள் வருஷக்கணக்கில் களிம்பு பூசிக்கொண்டு திரிகிறான். இன்னொரு காரணமும் உண்டு. அது கூலியோடும் நஷ்ட ஈட்டோடும் சம்பந்தப்பட்டது. பின்னால் வருகிறேன்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் 'குளூட்டன்' என்ற ஒரு புரதம் இருக்கிறது. ரொட்டி சானாய் மாவை வீசி வீசி விரிக்கும்போது கிழியாமல் இழுபடுகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது அதுதான். சிலருடைய உடம்பு இதைப் பகைவனாக எண்ணிவிடுகிறது. உடம்பின் காவற்படை எதிர்ப்பொருளை உண்டாக்கிச் சண்டைக்குப் போகிறது. அந்தச் சண்டையில் குடலின் உள்சுவரே அடிபடுகிறது. இதற்குச் 'சீலியாக்' நோய் என்று பேர். அதே எதிர்ப்பொருள் இரத்தத்தோடு ஓடித் தோலுக்கு அடியில் போய்ப் படிந்தால், அங்கே கொப்புளமும் அரிப்பும் கிளம்புகின்றன. வயிறு ஒன்றுமே சொல்லாமல் இருக்கலாம். குடல் கெட்டிருப்பது சில பேருக்கு வெறும் இரத்தச்சோகையாக மட்டுமே தெரியும். தோலில் இந்த அரிப்பு உள்ளவர்களுக்குக் குடலிலும் கோளாறு இருக்கிறது என்பதை 1966இல்தான் பிரிட்டனில் கண்டுபிடித்தார்கள்.

கோதுமைதான் குற்றவாளி என்பதை உலகம் நம்பியதில் யுத்தத்துக்கும் பங்கு உண்டு. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடையாது, துலிப் பூச்செடியின் கிழங்கைக்கூடச் சனங்கள் அவித்துத் தின்றார்கள். ஊரே வாடியபோது சீலியாக் நோய்ப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி மறுபடி வந்ததும் திரும்பவும் படுத்தார்கள். வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு முன்பே கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, 1950இல் தம் ஆய்வேட்டில் அதை எழுதினார். அதே வருஷங்களில்தான் இங்கே நம் தாத்தா பாட்டிகள் ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிடித்தார்கள். மரவள்ளியில் குளூட்டன் கிடையாது.

இந்தியாவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு நாம் உற்றுப் பார்க்க வேண்டியது. பி.எஸ். ராமகிருஷ்ணா முதலான மருத்துவர்கள் மூன்று வட்டாரங்களில் 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்குச் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கே 0.10 தான், ஆயிரத்துக்கு ஒருவர். இரத்தத்திலேயே வித்தியாசமோ என்று பார்த்தால், இந்த நோய்க்கு இடம் கொடுக்கிற பரம்பரைக் கூறு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தது. வேறுபட்டது சாப்பாடு. வடக்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை; தெற்கே 25 கிராம். அந்தப் பரம்பரைக் கூறு உள்ளவர்களிலும் மிகச் சிலருக்குத்தான் நோய் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தெற்கத்தி மக்களின் வாரிசுகளாகிய நாம் இன்று என்ன சாப்பிடுகிறோம்? லயத்துச் சோற்றுப் பானை காலம் மாறிவிட்டது. காலையில் பசியாற ரொட்டி சானாய், பத்து மணிக்கு பிஸ்கட், பிள்ளைகளுக்கு மைலோ, இரவில் மீ கோரெங். தோட்டம் துண்டாடப்பட்டுக் கிள்ளான், காப்பார் பக்கம் அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கு இது இன்னும் கூடுதல். இனிப்பு நீர் வந்தவர்கள் சோற்றை விட்டு இராத்திரியில் சப்பாத்திக்கு மாறிவிடுகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று இனங்களையும் சேர்ந்த ஆரோக்கியமான 562 இளைஞர்களின் இரத்தத்தைப் பார்த்ததில் நூற்றுக்கு 1.25 பேரிடம் எதிர்ப்பொருள் தெரிந்தது. எதிர்ப்பொருள் இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. ஆனால் "இது வெள்ளைக்காரன் நோய்" என்று கையை உதறிவிடவும் முடியாது.

உடனே வீட்டில் மாவு டின்னைக் கொட்டிவிடாதீர்கள். சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, சோதனை 'ஒன்றும் இல்லை' என்று பொய் சொல்லும். வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். தோல் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. இரத்தச் சோதனையோடு, கொப்புளத்தின் மேலிருந்து அல்ல, அதற்குப் பக்கத்து நல்ல தோலிலிருந்து மிளகளவு சதை எடுத்துப் பார்ப்பார்கள். எதிர்ப்பொருள் படிந்திருப்பது அதில்தான் உறுதியாகத் தெரியும்.

நோய் உறுதியானால் கொடுக்கிற மாத்திரையின் பேர் 'டாப்சோன்'. இங்கேதான் நம்மவர்கள் பயப்படக்கூடும். ஏனென்றால் அது பெருநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை. 1930இல் திறந்த சுங்கை பூலோ குடியிருப்பில் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். நம் இனத்தாரும் இருந்தார்கள். இன்று பூச்செடி வாங்கக் குடும்பத்தோடு போகிறோமே, அதே இடம்தான். டாப்சோனுக்கு மசியாத பெருநோய்க் கிருமி உண்டென்று உலகத்திலேயே முதன்முதலாக மெய்ப்பித்துக் காட்டியதும் அங்கேதான், 1964இல். ஆகவே மாத்திரைப் பேரைக் கேட்டு யாராவது "ஐயோ, அந்த வியாதியா?" என்று வாயைப் பிளந்தால், அது பெருநோய் அல்ல, ஒரே மாத்திரை இரண்டு வேலை பார்க்கிறது என்று சொல்லுங்கள். மாமியார் வாய்க்குப் பயந்து மாத்திரையைச் சாக்கடையில் போடுவது முட்டாள்தனம்.

டாப்சோன் அரிப்பைச் சில நாளிலேயே அடக்கிவிடும். ஆனால் அது லேசான மாத்திரையல்ல. இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் குணம் அதற்கு உண்டு. இந்த நாட்டில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் 'ஜி சிக்ஸ் பி டி' பார்ப்பார்களே, பாச்சை உருண்டை வாசம் படக்கூடாது என்று தாய்மார்களிடம் சொல்வார்களே, அந்தக் குறை உள்ளவர்களுக்கு இது பேராபத்து. எனவே முதலில் இரத்தச் சோதனை, பிறகும் தவறாமல் இரத்தச் சோதனை. "எனக்குக் கேட்டுச்சு, நீயும் போட்டுப் பாரு" என்று பக்கத்து வீட்டுக்கு ஒரு மாத்திரை கொடுக்கிற தருமம் வேண்டாம்.

மாத்திரை குடலைச் சரிசெய்யாது. அதற்கு வழி ஒன்றுதான்: குளூட்டனை அறவே விடுவது. தோல் முழுதும் அடங்க மாதங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு வருஷமும் ஆகும். அதுவரை மாத்திரை துணை நிற்கும். வெள்ளைக்காரனுக்கு ரொட்டியை விடுவது உயிரை விடுவது மாதிரி. நமக்கு அவ்வளவு கஷ்டமில்லை. சோறு, இட்லி, தோசை, அரிசி மாவு இடியாப்பம், கேழ்வரகுக் கூழ், கிழங்கு, பருப்பு, மீன், கோழி, தேங்காய் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பிரிக்பீல்ட்ஸில் விற்கிற அரிசி மாவுப் புட்டுக்கும் தடையில்லை. தடை சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, மஞ்சள் மீ, ரொட்டி, கேக்.

ஒளிந்திருப்பதுதான் தொல்லை. கிச்சாப்பில் பெரும்பாலும் கோதுமை உண்டு. மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் பார்லி மால்ட் உண்டு. கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது சகஜம். ஆகவே சோறும் ரசமும் சாப்பிடுகிறேன் என்று நிம்மதியாக இருந்தவருக்கு ரசமே பகையாகலாம். டப்பாவின் முதுகைப் படியுங்கள். மலாயில் 'கண்டும்' என்றிருந்தால் கோதுமை, 'பார்லி' என்றால் பார்லிதான். பீரும் கறுப்புத் தண்ணியும் பார்லி. கள்ளில் குளூட்டன் கிடையாது. அதற்காக நான் கள்ளுக்குச் சிபாரிசு செய்கிறேன் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம்.

இனி, கூலி சம்பந்தப்பட்ட விஷயம். மருந்தடிக்கிற ஒருவருக்குத் தோலில் தடிப்பு வந்தால், அது வேலையால் வந்ததா, உணவால் வந்ததா என்பது வெறும் வைத்தியக் கேள்வியல்ல. 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தொழிலால் வரும் தோல் நோய்களுக்கும் இடமுண்டு, சொக்சோவில் கோரலாம். உணவால் வந்தது என்றால் அந்தக் கணக்கில் வராது. "நீ திங்கிற ரொட்டிதான் காரணம்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க நிர்வாகத்துக்கு ஒரு சாக்கு கிடைக்கக்கூடாது. சோதனைத் தாள் இல்லாமல் யார் அப்படிச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நம் காட்டில் மருந்தால் வந்த தடிப்புதான் அதிகம் என்பது என் எண்ணம். 2002இல் 'தெனாகனிதா' அமைப்பு மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் தோல் கோளாறுகளும் பேசப்பட்டன. பாராகுவாட்டுக்கு அதே 2002இல் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்தான். பாராகுவாட் போனாலும் வேறு மருந்துகள் காட்டில் இருக்கவே செய்கின்றன.

இரண்டையும் பிரித்தறிய நீங்களே சில குறிப்பு வைத்துக்கொள்ளலாம். மருந்துத் தடிப்பு மருந்து பட்ட இடத்தில் வரும். கை, கால், பம்பு உரசுகிற முதுகு. நீண்ட லீவில் இருந்தால் ஆறும், வேலைக்குத் திரும்பினால் கிளம்பும். கோதுமை அரிப்புக்கு லீவும் தெரியாது, வேலையும் தெரியாது. முதுகிலும் பிட்டத்திலும் இரண்டுமே வரக்கூடும், அங்கேதான் குழப்பம். மருந்தே தொடாத முழங்காலிலும் தலைக்குள்ளும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

தடிப்பு எந்தத் தேதியில் வந்தது, அன்றைக்கு எந்த மருந்து அடித்தீர்கள், லீவில் எப்படி இருந்தது என்பதைப் பிள்ளையின் பழைய நோட்டில் எழுதி வையுங்கள். புதுக் கொப்புளம் கிளம்பியதும், சொறிந்து உடைப்பதற்கு முன், மகனிடமோ மகளிடமோ சொல்லிக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துத் தோம்பில் ஒட்டியிருக்கும் பேரையும் படம் எடுங்கள். இதுவரை பூசித் தீர்த்த களிம்புக் குழாய்களையும் எறியாமல் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.