கிளை நூலகத்துக்கு ஒரு வாரம்

குழந்தைகள் தினமான நவம்பர் 14 அன்றுதான் தேசிய நூலக வாரமும் தொடங்குகிறது. 1968 முதல் ஆண்டுதோறும் 20ஆம் தேதி வரை நடக்கும் விழா இது. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் மதுரைக் கலைஞர் நூலகத்துக்கும் ஆள் சேர்க்க விழா வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தின் பின்புறம் இரண்டே அறைகளில் இருக்கும் கிளை நூலகத்துக்கும், ஒரே ஆள் திறந்து கூட்டி மூடுகிற ஊர்ப்புற நூலகத்துக்கும்தான் இந்த ஏழு நாட்கள் தேவை.

நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஊருக்கு ஊர் ஒன்றுதான். புத்தகக் கண்காட்சி, ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, உறுப்பினர் சேர்க்கை, கடைசி நாள் பரிசளிப்பு. இவற்றுக்கெனப் பெரிய தொகை வருவதில்லை. வாசகர் வட்டத்தார் கைக்காசு போட்டுப் பரிசு வாங்குகிறார்கள். கடைத்தெருவில் யாராவது பிஸ்கட்டுக்கும் தேநீருக்கும் பொறுப்பேற்கிறார்கள். அந்த உழைப்பு வீணாகக்கூடாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்: அந்த வாரத்தில் நடப்பது எதுவும் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை யாரோ ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோவதில் முடிய வேண்டும்.

கண்காட்சியையே எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுக்கக் கீழ்த்தட்டில் முதுகு காட்டிக் கிடந்த புத்தகம் அன்றுதான் அட்டை தெரிய மேசைக்கு வருகிறது. பார்க்கிற பெண்ணுக்கு ஆசை வருகிறது, கேட்கிறாள். "கண்காட்சி முடியட்டும்மா" என்று அனுப்பிவிட்டால் அவள் திரும்பி வருவாள் என்பதற்கு என்ன உறுதி? மேசையிலேயே இரவல் பதிவேட்டை வைத்துக் கையோடு கொடுத்தனுப்பலாம். காலியான இடத்தில் இன்னொரு புத்தகத்தை வைத்தால் போயிற்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் விதியாகவே எழுதிவைத்தார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில், புத்தகங்களை மாட்டு வண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார் கனகசபைப் பிள்ளை. வாசகர் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

பேச்சுப் போட்டியில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வாசிப்பின் பெருமை பற்றி அப்பாவோ டீச்சரோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கிறது. அந்தப் பிள்ளை நூலகத்தில் ஒரு புத்தகத்தையும் தொட்டதில்லை. பத்து நாள் முன்னதாகவே ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுத்து, பிடித்ததையும் பிடிக்காததையும் ஐந்து நிமிடம் சொல்லச் சொன்னால் போதும். திக்கித் திணறினாலும் அது அந்தக் குழந்தையின் பேச்சு.

கதை சொல்லும் நிகழ்ச்சிக்கு இடம்தான் சிக்கல். இன்று பல கிளை நூலகங்களில் நாற்காலிகளை நிறைத்திருப்பவர்கள் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் இளைஞர்கள். வீட்டில் மேசையும் அமைதியும் இல்லாதவர்கள். அவர்களை எழுப்பிவிடுவது நியாயமில்லை. கதையை வராந்தாவுக்கோ வாசல் மரத்தடிக்கோ மாற்றிவிடலாம். அவர்களுக்கென்றும் ஒரு மாலையை ஒதுக்க வேண்டும். அதே அறையில் படித்து வேலைக்குப் போனவர் யாரேனும் ஊரில் இருந்தால், எப்படிப் படித்தார் என்று ஒரு மணி நேரம் வந்து பேசட்டும்.

இதையெல்லாம் நூலகர் ஒருவரே செய்ய முடியாது. ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும், கூட நிற்க வேண்டும். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. இன்று அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. கொஞ்சம் கூடுதலாகத் தர முடிந்தவர்கள் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகலாம். பணம் இல்லை, நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு 2022இல் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டம் உண்டு. நடக்க முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவரும் தன்னார்வ வேலை அது.

நிகழ்ச்சி நிரல் அச்சாவதற்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு காலை போனால் நூலகரைப் பார்க்கலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள், உறுப்பினர் படிவத்தை அன்றே நிரப்பிக் கொடுத்துவிடலாம்.