போர்க்களச் சிற்றுருவங்கள்

மக்கள் தம் வீரரை மறவாதிருத்தற்குக் கண்ட வழிகள் பலவாம். பண்டைத் தமிழர் ஆநிரை மீட்டு எல்லைப்புறத்தே பட்ட மறவனுக்குக் கல் நாட்டினர். அக்கல்லைக் காண்டல் முதல் வாழ்த்தல் ஈறாகிய துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. மேனாட்டாரோ வீரரைச் சிற்றுருவாக வார்த்தனர். செருமனி நாட்டு நூரம்பெர்க்கு நகரத்தார் பதினெட்டாம் நூற்றாண்டிலே தட்டையான வெள்ளீய வீரரைச் செய்து விற்றனர். இங்கிலாந்தின் பிரிட்டன் நிறுவனத்தார் 1893இல் உள்ளீடற்ற ஈய உருவங்களை வார்க்கத் தொடங்கினர். எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆசிரியர் 1913இல் அவற்றைக்கொண்டு ஆடும் போராட்டத்திற்கு விதிகள் வகுத்து நூலொன்று எழுதினார். அத்தகைய உருவங்களுக்கு வண்ணந்தீட்டும் முறையை, யாம் தவறித் தவறிக் கற்றவாறே, ஈண்டு எழுதப் புகுந்தோம்.

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்த எமக்குப் போர்க்களம் தொலைவிலன்று. எம் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையிலே 1781ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் ஐதர் அலியின் பெரும்படையும், சர் ஐயர் கூட் நடத்திய கும்பினிப் படையும் பொருதன. கும்பினியார் ஏறத்தாழ எண்ணாயிரவரே. மைசூர்ப் படையோ அதனினும் பன்மடங்கு பெரிது. ஐதர் வழியை மறித்துப் பீரங்கிகளை நிறுவியிருந்தார். கூட் அவற்றை நேரே தாக்காது, கடலோர மணற்குன்றுகளினூடே வழிகண்டு பக்கத்தே சென்று தாக்கினார். பின்னணிப் படை ஒரு மேட்டைப் பற்றிநின்று காத்தது. மாலையில் ஐதர் பின்வாங்கினார். விடுமுறையில் யாமும் நண்பர் மூவரும் இக்களத்தைப் பலகையொன்றில் அமைக்கத் துணிந்தோம்.

உருவத்தின் உயரம் மூன்று விரற்கிடை. அஃதாவது 54 மில்லிமீட்டர். களிமண்ணால் செய்தபோது துப்பாக்கியும் கையும் காய்ந்து ஒடிந்தன. ஆகலின் மெல்லிய கம்பியை எலும்பாக வளைத்து, அதன்மேல் எம்-சீல் பசையைப் பிசைந்து அப்பினோம். அஃது இறுகுமுன் ஊசியால் மடிப்புக்களைக் கீறல் வேண்டும்.

வண்ணந்தீட்டல் நான்கு படிகளையுடையது. முதற்கண் சாம்பல்நிறப் பூச்சொன்று தருக. அஃதின்றேல் மேற்பூச்சுப் பற்றாது. இரண்டாவது, ஆடைக்கும் உடலுக்கும் உரிய அடிநிறம். மூன்றாவது, நீர்த்த கரும்பழுப்பை மேலே வழியவிடுதல். அது மடிப்புக்களிலே தங்கி நிழலாகும். நான்காவது, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடான இடங்களை மட்டும் வெளிர்நிறத்தால் தொட்டுச் செல்லுதல். சிற்றுருவில் இயற்கை ஒளி போதிய நிழல் தாராது. ஆகவே நிழலையும் நாமே எழுத வேண்டியதாகின்றது. செந்நிறத்தை வெளிறச் செய்ய வெள்ளையைக் கலப்பின் இளஞ்சிவப்பாகிக் கெடும், செம்மஞ்சளே தக்கது. அதனைக் கருக்கப் பழுப்பே ஏற்றது. கரியநிறம் அழுக்காகக் காட்டும்.

இனி எம் பிழைகளைச் சொல்லுவோம். மைசூர் வீரர் அனைவருக்கும் புலிவரிச் சட்டை எழுதினோம். பின்னர்ப் படித்தபோதுதான், அவ்வரி 1782இல் பட்டமெய்திய திப்பு சுல்தானின் ஆட்சிக்குரிய அடையாளம் என்பதும், தந்தையின் படைக்கு அதனை ஏற்றியது காலவழு என்பதும் விளங்கின. அவற்றை அழித்தெழுத இரண்டு நாள் சென்றன.

அதனினும் பெரும்பிழை வேறொன்று. செஞ்சட்டையார் எல்லோருக்கும் வெண்முகம் தீட்டியிருந்தோம். பண்ணுருட்டியிலே கொலுப்பொம்மைகளுக்கு வண்ணந்தீட்டும் முதியவர் ஒருவரிடம் அவற்றைக் காட்டினேமாக, அவர் நெடுநேரம் நோக்கி, “வேலை நன்றாயிருக்கிறது தம்பி, ஆனால் இவர்களுள் நம்மூர்க்காரர் யார்?” என்று வினவினார். எம்மிடம் விடையில்லை. நூல்களைத் தேடிக் கண்டது இதுவே: கூட் நடத்திய படையிற் பெரும்பாலார் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள், தமிழ்நாட்டிலும் தெலுங்கு நாட்டிலும் சேர்க்கப்பட்டவர்கள். செஞ்சட்டையும், தொடையளவான வெண்ணிறக் குறுங்காற்சட்டையும், தலைப்பாகையும் அணிந்து, வெறுங்காலொடு மணலில் நடந்தவர்கள் அவர்களே. திண்டுக்கல்லும் கொங்கு நாடும் அந்நாளில் மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையின், எதிர்ப்படையிலும் தமிழர் நின்றிருத்தல் கூடும். ஒரு மொழியினர் இருபுறமும் நின்று மாய்ந்த களத்தை, ஒரு கிண்ணத்து வெள்ளை வண்ணத்தால் யாம் மறைத்துவிட்டோம்!

முகங்களை மீண்டும் எழுதினோம். பழுப்பொடு சிறிது செங்காவியும் மஞ்சளும் கலந்து, ஒவ்வொருவருக்கும் சிறிது வேறுபட்ட நிறம் அமைத்தோம். வண்ணம் உலர்ந்த மாலையில் அவர்களை அணிவகுத்தபோது, எம் தெருவிற் காணும் முகங்களே எம்மை நோக்கின. அன்றுமுதல் பலகையில் எப்பக்கம் வெல்லுமென்னும் ஆவல் எமக்குக் குறைந்தது.

இறுதியாக, பலகையின் ஓரத்தே படைக்கலம் இல்லாத இரண்டு உருவங்களை வைத்தோம்: குடத்தொடு ஓடும் ஒரு தாய், அவள் கைப்பற்றிய ஒரு குழவி. இப்போரினாலே நாட்டுப்புற ஊர்கள் பாழாயின. 1782இல் சென்னையைக் கடும்பஞ்சம் வருத்திற்று. அவ்விருவருக்கும் கல் நாட்டினாரில்லை, படம் எழுதினாருமில்லை. அவர்க்கு இடந்தராத போர்க்களம், எத்துணை நுட்பமாக எழுதப்படினும், குறையுடையதே என்க.